ஆயில் மாற்றும் ஞாயிற்றுக்கிழமைகள்

என் கணவர் பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் இருபத்து நான்கு வருஷம் வேலை பார்த்தார். எந்த மெஷினுக்கு எந்த ஆயில், எப்போது மாற்ற வேண்டும், எங்கே கசிகிறது என்று பார்ப்பதுதான் அவர் வேலை. ஒரு சொட்டை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்துப் பார்த்து, இது இன்னும் பத்து நாள் தாங்கும் என்பார். தாங்கும். வீட்டுக்கு வந்து எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் நகங்களைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று மிச்சம் இருக்கும். கல்யாணமாகித் திருச்சியிலிருந்து வந்த புதிதில், சோறு பிசையும் அந்தக் கையைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரி இருந்தது. பிறகு பழகிவிட்டது.

சிஞ்ச்வட்டில் நான்கு மாடி சொசைட்டி ஒன்றில் மூன்றாவது மாடியில் இருந்தோம். கீழே தூண்களுக்கு நடுவில் பார்க்கிங். அதற்கு நேர் மேலே, முதல் மாடியில், ஒரு மராத்தித் தம்பதி. சித்தப்பா, சித்தி என்கிற மாதிரி அவரைக் காகா என்றும் அவர் மனைவியைக் காகு என்றும் கட்டடமே கூப்பிட்டது. நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். தெற்கிலிருந்து காற்றடித்தால் பிம்ப்ரி மருந்துத் தொழிற்சாலையின் புளித்த வாடை பால்கனி வரைக்கும் வரும். ஊரிலிருந்து வருகிற உறவினர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எங்களுக்கு அது மழை வரப்போவதற்கான அறிகுறி, அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் நடுவில் என் கணவருடைய அதிகாரி ஒருவர் மாற்றலாகிப் போகும்போது தன் சின்ன வெள்ளைக் காரை எங்களுக்கு விற்றார். அதுவரை ஸ்கூட்டர்தான். மகள் முன்னால் நின்றுகொள்ள, நான் பின்னால் ஒருக்களித்து உட்கார, மூன்று பேரும் அதில்தான் போய்வந்தோம். கார் வந்த அன்று மகளுக்கு எட்டு வயது. சொசைட்டியைச் சுற்றி ஏழு சுற்று சுற்ற வைத்துவிட்டுத்தான் இறங்கினாள்.

அந்த வருஷங்களின் ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஆயில் மாற்றும் காலைதான். நான்கைந்து மாதத்துக்கு ஒரு முறை வரும். தொழிற்சாலையில் கழித்துப்போட்ட பாக்கிங் மரத்தில் அவரே செய்த இரண்டு சாய்வுப் பலகைகள் இருந்தன. முதலில் பத்து நிமிஷம் என்ஜினை ஓடவிட்டுச் சூடாக்குவார். சூடானால்தான் பழைய ஆயில் இளகி முழுசாக இறங்கும் என்பார். பிறகு முன்சக்கரங்களைப் பலகை மேல் ஏற்றி நிறுத்தி, கோணிச்சாக்கை விரித்துப்போட்டு, மல்லாந்து படுத்து உள்ளே போவார். வெளியில் தெரிவது இரண்டு பாதங்கள் மட்டும்தான். அடியில் இருக்கும் நட்டைக் கழற்றினால் பழைய ஆயில் என் ஒடுங்கிய அலுமினிய பேசினில் கறுப்பாக விழும்.

கடைசிச் சொட்டு வரைக்கும் காத்திருக்க வேண்டும். அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணியில்தான் எல்லாம் நடக்கும். காகா மராத்திப் பேப்பரோடு இறங்கி வந்து ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்து தலைப்புச் செய்திகளைச் சத்தமாக வாசிப்பார். காகு ஒரு தட்டு நிறையப் போஹே, நம் அவல் உப்புமாதான், கொடுத்தனுப்புவாள், எலுமிச்சைத் துண்டோடு. மகள் பலகைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து சொட்டுகளை எண்ணுவாள். எண்ணிக்கை மராத்தியில் போகும், நூறுக்கு மேல் இந்திக்கு மாறும், தமிழில் எண்ணச் சொன்னால் இருபத்தொன்பதில் நின்றுவிடும். பழைய ஆயில் வாட்ச்மேனுக்குப் போகும். அவர் அதைக் கேட்டின் கீலுக்கு விடுவார், கணபதிப் பந்தல் மூங்கில்களுக்குக் கரையான் வராமல் தடவி வைப்பார். புது ஆயில் நல்லெண்ணெய் நிறத்தில், கனமாக, சத்தமில்லாமல் உள்ளே இறங்கும். என் கணவர் முகத்தில் அப்போது இருக்கும் அமைதியை நான் கோயிலில்கூட அவரிடம் பார்த்ததில்லை.

இரண்டாயிரம் பிறந்த சமயம் தொழிற்சாலையில் ஆட்களைக் குறைத்தார்கள். விருப்ப ஓய்வு என்று பெயர். நாற்பத்தொன்பது வயதில் அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். கையில் ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்திருந்தார்கள். அதை ஆணி அடித்து மாட்டினார், நேரம் சரிசெய்தார். இரண்டு மாதத்தில் அவர் நகங்களைச் சுற்றியிருந்த கறுப்புக் கோடு மறைந்துபோனது. ஒரு நாள் சாப்பாடு போடும்போது அதைக் கவனித்தேன். கை வெளுத்து, யாரோ ஆசிரியருடைய கை மாதிரி இருந்தது.

எனக்கு வேதியியலில் ஒரு பட்டம் இருந்தது. அதுவரை பிள்ளைகளுக்கு வீட்டில் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். ரஞ்சன்காவில் ரப்பர் சீல் செய்கிற தொழிற்சாலை ஒன்றின் சோதனைக்கூடத்தில் ஆள் கேட்டிருந்தார்கள். போனேன், கிடைத்தது. ஆனால் கம்பெனி பஸ் சிஞ்ச்வட் பக்கம் வராது. அதனால் நிக்டியில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து நாற்பத்து மூன்று வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். லைசென்ஸ் வாங்கிய வாரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். இரண்டு தெரு தாண்டுவதற்குள் நான்கு தடவை ஸ்டீயரிங்கைப் பிடித்தார். வீட்டுக்கு வந்ததும் இருவரும் ஆளுக்கொரு அறையில் இருந்தோம். அதன்பிறகு நான் ஓட்டினால் அவர் ஏறமாட்டார்.

காலை ஆறே காலுக்குக் கிளம்புவேன். போசரி, விஷ்ராந்த்வாடி; அங்கே என்னோடு வேலை பார்க்கும் இரண்டு பெண்களை ஏற்றிக்கொண்டு நகர் ரோடு. போகவர நூறு கிலோமீட்டருக்கு மேல். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில் மாற்ற வேண்டும் என்பது அவர் கணக்கு. ஆக, மாதக்கணக்கில் இடைவெளி விட்டு வந்துகொண்டிருந்த ஞாயிறு இப்போது ஏழு வாரத்துக்கு ஒரு தடவை வந்தது. அவர் அதற்காக அலுத்துக்கொள்ளவே இல்லை. வெள்ளிக்கிழமையே கோணிச்சாக்கை வெயிலில் உதறிப்போடுவார்.

என் வேலை என்னவென்று சொன்னால்தான் பிறகு நடந்தது புரியும். என்ஜினுக்குள் சுழலும் தண்டு வெளியே வரும் இடத்தில் ஆயில் கசியாமல் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அதுதான் சீல். அந்த ரப்பர் துண்டுகளைச் சூடான ஆயிலில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, எடுத்து, எவ்வளவு உப்பியிருக்கிறது, எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளப்பது என் வேலை. முதலில் சாதாரண என்ஜின் ஆயில் மட்டும்தான். பிறகு ஒரு வாடிக்கையாளர் சிந்தெடிக் ஆயிலிலும் போட்டுப் பார்க்கச் சொன்னார். இரண்டு கண்ணாடிக் குடுவைகளை ஒரே சூட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒரு வாரத்தில் சாதாரண ஆயில் கறுத்து, அடியில் வண்டல் கட்டிவிட்டது. சிந்தெடிக் கொஞ்சம் பழுப்பேறியிருந்தது, அவ்வளவுதான். குடுவையைச் சாய்த்தால் தண்ணீர் மாதிரி ஓடியது.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவரிடம் சொன்னேன். விலை மூன்று மடங்குக்கு மேல்தான், ஆனால் இரண்டு மடங்கு தூரம் வரும், குளிரில் காலையில் வண்டி கிளம்பும்போது வரும் கடகடச் சத்தமும் குறையும் என்றேன். டிசம்பர், ஜனவரியில் அந்தச் சத்தம் கட்டடத்தையே எழுப்பும். கெட்டியான ஆயில் என்ஜினின் தலைப்பகுதிக்கு ஏறிச் சேரும்வரை அப்படித்தான் இருக்கும்.

அவர் ரசத்தை முடித்துவிட்டுச் சொன்னார்: "நீ லேப்ல புது ரப்பரைப் போட்டுப் பாக்குற. நம்ம வண்டியில இருக்கறது பத்து வருஷ ரப்பர். அது இந்த ஆயிலோடயே பழகிப்போச்சு. நீ சொல்றத ஊத்தினா ஒழுக ஆரம்பிச்சிடும்."

புது வகை சிந்தெடிக்கில் ரப்பரைச் சுருங்கவிடாமல் வைக்கிற சேர்மானம் இருக்கிறது என்று நான் சொல்லிப் பார்த்தேன். "சேர்மானம் போன ரப்பரைத் திருப்பிக் கொண்டுவருமா?" என்றார். பேச்சு அதோடு நின்றது.

அடுத்த வருஷம் மழைக்காலம் முடியும்போது மாவு கிரைண்டரைத் தூக்கி நகர்த்தியதில் அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. டாக்டர் இடுப்புக்கு பெல்ட் போடச் சொன்னார், குனியவே கூடாது என்றார். ஆயில் மாற்ற வேண்டிய ஞாயிறு வந்தது. அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். அடுத்த வாரமும் அதையே சொன்னார். கராஜில் கொடுத்து மாற்றிவிடட்டுமா என்று கேட்டேன். கண்டவன் கையில் கொடுக்காதே என்று படுத்தபடியே சொன்னார். படுத்திருக்கிற மனுஷனிடம் எப்படிச் சண்டை போடுவது?

நான்காவது வாரம், வாகோலி தாண்டி லோணிகந்த் நெருங்கும்போது டாஷ்போர்டில் ஆயிலுக்கான சிவப்பு விளக்கு மினுக்கியது. மேட்டில் அணைந்து, பள்ளத்தில் எரிந்தது. ஓரமாக நிறுத்தினேன். கூட வந்த பெண்களில் ஒருத்தி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் நடந்துபோய் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்தாள். அவர் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி, துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, என் முகத்துக்கு நேரே நீட்டினார். நுனியில் கறுப்பாகக் கொஞ்சம் பிசின் ஒட்டியிருந்தது. வேறொன்றும் இல்லை.

வீட்டில் யாரும் இதைப் பார்ப்பதில்லையா என்று மராத்தியில் கேட்டார். என் கணவர் பார்ப்பார் என்றேன். மெக்கானிக் என்னைத் தாண்டி, காருக்குள் எட்டிப் பார்த்து, கணவரைத் தேடினார். உள்ளே இரண்டு பெண்கள் டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

எனக்கு அவமானமாக இருந்தது. மெக்கானிக் மேல் கோபம் இல்லை. தினமும் நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறேன், ரப்பரையும் ஆயிலையும் பற்றிப் பக்கம் பக்கமாக ரிப்போர்ட் எழுதுகிறேன். அந்தக் கம்பியை உருவிப் பார்க்க எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது. அது அவருடையது என்று விட்டுவைத்திருந்தேன். மரியாதை என்று நினைத்திருந்தேன். என்ஜின் போயிருந்தால் மூன்று பேரும் லாரிகளுக்கு நடுவில் நின்றிருப்போம்.

மெக்கானிக் ஊற்றிய ஒரு லிட்டர் ஆயிலை வைத்து அந்த வாரத்தை ஓட்டினேன். அந்தச் சனிக்கிழமை அரை நாள். நானா பேட்டில் ஒரு கடையில் சிந்தெடிக் ஆயிலும் புது ஃபில்டரும் வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு வரும் வழியில் ஒரு கராஜில் விட்டு மாற்றினேன். வெளியே வந்த பழைய ஆயில் அடிப்பிடித்த புளிக்குழம்பு மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து அவரிடம் சொல்லவில்லை. திங்கட்கிழமை சொல்லலாம் என்று நினைத்தேன், பிறகு அவருக்கு முதுகு சரியாகட்டும் என்று நினைத்தேன். விளக்கு எரிந்ததையும் சொல்லவில்லை.

காட்டிக்கொடுத்தது காகு. அவள் வேண்டுமென்று செய்யவில்லை. அது நவம்பர் கடைசி, குளிர் இறங்கிவிட்டிருந்தது. காலையில் சாவியைத் திருப்பினேன். வண்டி ஒரு முனகலோடு கிளம்பிவிட்டது. எனக்குச் சந்தோஷம். காகுவோ இரண்டு வருஷமாக எங்கள் வண்டியின் கடகடவைக் கேட்டுத்தான் எழுந்து, காகாவுக்கு டீ போட்டு, அவரை லோக்கல் டிரெயினுக்கு அனுப்புவாளாம். சனிக்கிழமைக்குப் பிறகு இரண்டு தடவை காகா டிரெயினை விட்டுவிட்டார். காகு மேலே வந்து என் கணவரிடம், வஹினி, அதாவது அண்ணி, லீவா, உடம்பு சரியில்லையா என்று விசாரித்திருக்கிறாள். இல்லையே, வேலைக்குத்தானே போயிருக்கிறாள் என்று இவர் சொல்ல, அப்படியானால் வண்டிச் சத்தமே இல்லையே என்று அவள் சொல்லியிருக்கிறாள்.

அன்று மாலை நான் வந்து நிறுத்தும்போது அவர் பார்க்கிங்கில் இடுப்பு பெல்ட்டோடு நின்றுகொண்டிருந்தார். ஒன்றும் கேட்காமல் பானட்டைத் திறக்கச் சொல்லிச் சைகை காட்டினார். கம்பியை உருவி, விரலில் தேய்த்தார். மோந்து பார்த்தார். மறுபடி தேய்த்தார்.

"எங்க மாத்துன?"

சொன்னேன். விளக்கு எரிந்ததையும் சேர்த்துச் சொன்னேன். அதைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. பானட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்."

"சொன்னா விட்டிருப்பீங்களா?"

"விட்டிருக்க மாட்டேன்," என்றார். "அதுக்காகச் சொல்லாம இருப்பியா?"

படியேறும்போது அவர் கைப்பிடியைப் பிடித்தபடி மெதுவாக வந்தார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்று, இதை எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும் என்று கேட்டார். பத்தாயிரம் என்றேன். மனசுக்குள் கணக்குப் போட்டார்.

"அப்ப இனிமே வருஷத்துக்கு மூணு தடவதான்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் ஆயிலை மட்டும் மாற்றியிருக்கவில்லை. ஏழு வாரத்துக்கு ஒரு முறை அவருக்கென்று இருந்த ஒரு காலையை, அவரைக் கேட்காமல், பாதியாக நறுக்கியிருந்தேன். சூடாக டீ போட்டுக் கொண்டுபோய் வைத்தேன். குடித்தார். இரண்டு நாள் தேவையானதற்கு மட்டும் பேசினார். காகு அந்த வாரமே ஒரு அலாரம் கடிகாரம் வாங்கினாள், அதற்கு என்னைத்தான் காரணம் சொன்னாள்.

மூன்றாவது வாரம் பார்க்கிங் தரையில் ஒரு பொட்டு விழுந்திருந்தது. ஒரு ரூபாய்க் காசு அளவு. அடுத்த நாள் இன்னொன்று. அவர் அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்துக் காருக்கு அடியில் விரித்தார். நான் காலையில் கிளம்பிய பிறகு அந்த அட்டையை மேலே கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்துவிடுவார். மாலையில் நான் வந்ததும் முதலில் என் கண்ணில் படுவது அதுதான். அப்போது பதினொன்றாம் வகுப்புக்கு ஜூனியர் காலேஜில் சேர்ந்திருந்த மகள், "அப்பா, யே க்யா ஹை, சாப்பிடற டேபிள்ல?" என்று கேட்டாள். "உங்கம்மாவோட ரிப்போர்ட்" என்றார். ஓய்வுபெற்று வந்த பிறகு அவர் இவ்வளவு உற்சாகமாக இருந்து நான் பார்க்கவில்லை. எனக்கு ஒரு பக்கம் எரிச்சல், ஒரு பக்கம் நிம்மதி.

நான்காவது அட்டையன்று நான் அதைக் கையில் எடுத்துக்கொண்டு அவருக்கு எதிரில் உட்கார்ந்தேன். நீங்கள் சொன்னது சரி, ஒழுகுகிறது என்றேன். அவர் எதிர்பார்க்கவில்லை. பிறகு நான் கேட்டேன்: ஆயில் புதிதாக ஓட்டை போட்டதா, ஏற்கெனவே இறுகிப்போன சீலின் விரிசலை இத்தனை நாள் வண்டல் அடைத்துவைத்திருந்ததா?

அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தொழிற்சாலையில் இதே கேள்வியை எத்தனை மெஷின்களிடம் கேட்டிருப்பார். "வண்டல்தான் அடைச்சிருக்கும்," என்றார் கடைசியில். "அப்ப மாத்த வேண்டியது சீலை," என்றேன்.

அதற்கு அளவு வேண்டும் என்று வண்டியோடு வந்த புத்தகத்தைத் தேடி எடுத்தார். அவர் சொன்ன அளவில் சீல் வாங்கி, மதிய இடைவேளையில் சோதனைக்கூடத்தில் அதன் கடினத்தை அளந்து, ஒரு காகிதத்தில் எழுதி எடுத்துவந்தேன். அந்தக் காகிதத்தை அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

ஞாயிறு காலை காகாவும் வந்தார். அடியில் படுக்க வேண்டாம், முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் பக்கவாட்டிலிருந்தே கை விடலாம் என்று என் கணவர் முதல் நாளே யோசித்து வைத்திருந்தார். கீழே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். முன்னால் இருக்கும் பெரிய போல்ட்தான் பிரச்சினை. பத்து வருஷமாக யாரும் தொடாதது. என்ஜின் சுற்றாமல் இருக்க, நான் உள்ளே உட்கார்ந்து நாலாவது கியரில் போட்டுப் பிரேக்கை மிதித்துக்கொள்ள வேண்டும். காகா ஸ்பானரின் பிடியில் நீளமான இரும்புக் குழாயைச் செருகி அழுத்தினார். கார் ஒரு பக்கமாக ஆடியது. "இன்னும் மிதி, இன்னும் மிதி" என்று வெளியிலிருந்து குரல் வந்தது. என் தொடை நடுங்கியது. மூன்றாவது தடவை டக்கென்று ஒரு சத்தம். போல்ட் இளகியது. காகா குழாயோடு பின்னால் சாய்ந்து ஸ்கூட்டர் மேல் விழப்பார்த்தார், சிரித்துக்கொண்டே எழுந்தார்.

பழைய சீலை என் கணவர் ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ரப்பர் என்றே சொல்ல முடியாது. பழைய பிளாஸ்டிக் வளையல் மாதிரி இருந்தது. லேசாக வளைத்தேன், இரண்டு துண்டாக உடைந்தது. புதியதை நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்து மறுபடி எழும்பியது. இரண்டையும் அவரிடம் காட்டினேன். அவர் பெருமூச்சு விட்டார். "பத்து வருஷம் தாங்கியிருக்கு," என்றார், செத்துப்போன ஒரு நல்ல மாட்டைப் பற்றிச் சொல்வது மாதிரி.

எல்லாவற்றையும் திரும்ப மாட்டி முடிக்க மத்தியானம் ஆனது. குறைந்திருந்த அளவுக்கு ஆயில் ஊற்ற வேண்டும். வீட்டில் பழைய சாதாரண ஆயில் ஒரு டப்பாவும் இருந்தது, நான் வாங்கியதில் மிச்சமும் இருந்தது. எதை எடுக்கப்போகிறார் என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன். என் டப்பாவைத் திறந்து விரலில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்தார். ரொம்ப நேரம் தேய்த்தார்.

"மெல்லிசாத்தான் இருக்கு. ஆனா விரலை விட்டுப் போக மாட்டேங்குது," என்று சொல்லிவிட்டு அதையே ஊற்றினார்.

ஓட்டிப் பார்க்க வேண்டும். இடுப்பு பெல்ட்டோடு அவரால் கிளட்ச் மிதிக்க முடியாது. காகாவுக்கு ஓட்டத் தெரியாது. என் கணவர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு இடது பக்கக் கதவைத் திறந்து, ஸீட்டைப் பின்னால் தள்ளி, வலியோடு உள்ளே உட்கார்ந்தார். ஆகுர்டி வரை போய்வந்தோம். என்ஜினையே கேட்டுக்கொண்டு வந்தார். ஸ்டீயரிங் பக்கம் கை வரவில்லை. ரயில்வே பாலத்தில் ஏறும்போது கியரை மாற்றச் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் நான் மாற்றிவிட்டேன். வாயை மூடிக்கொண்டார்.

அதற்கப்புறம் பொட்டு விழவில்லை. வருஷத்துக்கு மூன்று ஆயில் ஞாயிறுகள் அவருக்கு மிச்சம் இருந்தன. முதுகு சரியானதும் அவரே படுத்து மாற்றினார். அளவு பார்க்கும் கம்பியை மட்டும் நான் சனிக்கிழமைதோறும் உருவிப் பார்த்தேன், அவர் தடுக்கவில்லை. மற்ற ஞாயிறுகளில் என்ன செய்வது என்று தெரியாமல் முதலில் கொஞ்சம் தவித்தார். பிறகு எங்கேயாவது போகலாம் என்று ஆரம்பித்தோம். தளேகாவ், பவனா அணை, தேஹு. அவர் ஓட்டிக்கொண்டு போவார், நான் ஓட்டிக்கொண்டு வருவேன். மகள் கூட வந்தால் பின் ஸீட்டில் காதில் வயரை மாட்டிக்கொண்டு தூங்குவாள்.

ஒரு ஜூலை மாதம் லோணாவ்ளா போய்விட்டுப் பழைய ரோடு வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தோம். மகள் வரவில்லை. காம்சேத் தாண்டி ஒரு லாரி குறுக்கே நின்றுவிட்டது; முன்னாலும் பின்னாலும் வண்டிகள். மழை கொட்டியது. கண்ணாடி பனித்துப்போனது. என்ஜினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன். ஓடுகிறதா இல்லையா என்றே தெரியாத அளவுக்கு அது அமைதியாக இருந்தது.

அவர் முன் கண்ணாடியைப் பார்த்தபடியே சொல்ல ஆரம்பித்தார். கடைசி நாளன்று கையெழுத்தெல்லாம் போட்டு, அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு, கேட்டுக்கு வெளியே வந்துவிட்டாராம். பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்த பிறகுதான் ஞாபகம் வந்ததாம், மூன்றாம் ஷெட்டில் ஒரு மெஷினில் ஆயில் குறைந்திருந்ததைக் காலையில் பார்த்தது. எழுதிவைக்கவில்லை. திரும்பிப் போயிருக்கிறார். கேட்டில் இருந்த ஆள் புதியவன், அட்டை இல்லாமல் விடமாட்டேன் என்றிருக்கிறான்.

"உள்ள யார்கிட்டயாவது சொல்லிடுன்னு சொன்னேன். சரின்னான். சொன்னானோ என்னவோ."

"அந்தக் கடிகாரத்தைக் கையில வச்சுக்கிட்டா நின்னீங்க?" என்று கேட்டேன்.

"ஆமா. அதை அவன் செக் பண்ணணும்னு பிரிச்சுப் பாத்தான்."

நான்கு வருஷம் அவர் அதை என்னிடம் சொல்லவில்லை. துணியை எடுத்து அவர் பக்கத்துக் கண்ணாடியைத் துடைத்தேன். வெளியே ஒரு பெண் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு ஒவ்வொரு வண்டியாக நின்று சுட்ட சோளம் விற்றுக்கொண்டு வந்தாள். அவர் கண்ணாடியை இறக்கி, மழை உள்ளே அடிக்க அடிக்க, எலுமிச்சையும் மிளகாய்ப்பொடியும் தூக்கலாகத் தடவச் சொல்லி இரண்டு வாங்கினார்.